நாலு கம்பியும் ஒரு கிரீச்சும்

தேவராசா கையை உயர்த்தியதும் பாட்டு நின்றது. கனிசியஸின் கிற்றார்க் கம்பிகள் மட்டும் நிற்கவில்லை.

"ங்ங்ங்ங்" என்று அவை தம்பாட்டில் முனகிக்கொண்டிருந்தன. பங்கு மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கனிசியஸ் பதறிப்போய் நாலு கம்பிகளையும் உள்ளங்கையால் அமத்தினான். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து 'டொம்' என்று இன்னொரு சத்தம் வந்தது.

"நான் நிப்பாட்டச் சொன்னது எல்லாருக்கும்தான் தம்பி."

"நான் நிப்பாட்டிட்டன் அண்ணை. அதுதான் நிக்குதில்லை."

டிறம்ஸ் அடிக்கும் பஸ்ரியன் களுக்கென்று சிரித்தான். தேவராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பகலில் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவர். பின்னேரங்களில் குருநகர் 'கடலலை மெல்லிசைக் குழு'வின் தலைவர்; ஓகன் பெட்டியின் கட்டைகளும் அவர் கையில்தான். முத்திரை குத்திப் பழகிய கை என்பதால் தாளம் கொஞ்சம் பிசகினாலும் அவருக்குப் பொறுக்காது.

"ஒரு கம்பியைத் தட்டினா மற்ற மூண்டும் சேர்ந்து அழுகுது. அது ஒண்டு. பிறகு யசிந்தா பாட்டெடுக்கிற நேரம் பாத்து ஒரு 'கிரீச்'. என்னடா அது, பூனையின்ரை வாலை மிதிச்ச மாதிரி?"

"கை மாறேக்கை வருகுது அண்ணை."

அது உண்மைதான். பேஸ் கிற்றாரின் கம்பி வழவழப்பான கம்பி அல்ல. தடித்த கம்பியின்மேல் மெல்லிய கம்பியை நெருக்கிச் சுற்றியிருப்பார்கள். அதில் விரலை அழுத்தியபடி இழுத்தால் கிரீச்சிடும். திருவிழாவுக்கென்று தேவராசா தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டில் முதலில் வாத்தியங்கள் மட்டும் எட்டுச் சுற்று வரும். எட்டாவது சுற்று முடிகிற இடத்தில் கனிசியஸின் இடக்கை கிற்றாரின் கழுத்து நுனியிலிருந்து நடுக் கழுத்துக்கு ஓடவேண்டும். அது விரலைத் தூக்காமலே ஓடும். கிரீச். உடனே யசிந்தா தலையைத் திருப்பி அவனை ஒரு பார்வை பார்ப்பாள். அதன் பிறகுதான் பாடத் தொடங்குவாள்.

அந்தப் பார்வைதான் கனிசியஸைக் கொன்றது. பஸ்ரியன் சிரித்தால் சிரிக்கட்டும், தேவராசா ஏசினால் ஏசட்டும். ஆனால் யசிந்தா முகத்தைச் சுளிக்காமல், ஒரு சொல்லும் சொல்லாமல், ஒவ்வொரு கிரீச்சுக்கும் தவறாமல் திரும்பிப் பார்க்கிறாளே, அதை எந்த மனிதன் தாங்குவான்?

"திருவிழாவுக்கு இன்னும் அஞ்சு கிழமை கிடக்கு," என்றார் தேவராசா. "அதுக்குள்ளை உந்தச் சத்தங்களை நிப்பாட்டு. இல்லாட்டி உரும்பிராயிலை இருந்து கனகலிங்கத்தைக் கூப்பிடுவன். அவன் முறையாப் பழகினவன்."

கனிசியஸ் தலையாட்டினான். வாசலில் சுளகோடு குந்தியிருந்து கூனி இறாலில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த யசிந்தாவின் தாய் செபஸ்தியம்மா, நிமிர்ந்து எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. யுத்தத்தால் கடலுக்குப் போக ஆயிரம் தடை. வலைக்குப் போக வழியில்லாத இளந்தாரிகள் பாட்டுக்குப் போனார்கள். குருநகரில் அந்த வருடம் பிடிபட்ட மீன்களைவிடப் பழகிய பாட்டுகள் அதிகம். இன்றைக்குக் கடலலைக் குழுவில் பாதிப்பேர் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஆளுக்காள் தொலைபேசியில் பிடித்தால் பிள்ளைகளின் படிப்பில் தொடங்கி, முழங்கால் வலியில் நடந்து, கடைசியில் கனிசியஸின் கிற்றாரில் வந்துதான் நிற்பார்கள். அந்தப் பங்கு மண்டபத்தின் வெக்கையும், சாம்பிராணி வாசமும் கருவாட்டு வாசமும் கலந்த காற்றும், இடைவேளையில் வரும் வெறுந்தேத்தண்ணியும் இனி எந்த நாட்டிலும் கிடையாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கதைப்பார்கள்.

அந்த பேஸ் கிற்றார் முதலில் அருளப்பு என்பவனுடையது. அவன் ஜேர்மனிக்குப் போகும்போது அதைக் குழுவுக்கே விட்டுவிட்டுப் போனான். ஆறு கம்பிக் கிற்றார் பழகப் பெடியள் வரிசையில் நின்றார்கள். இதைத் தொட ஒருவரும் வரவில்லை. "நாலு கம்பிதானே அண்ணை, நான் பாக்கிறன்," என்று கனிசியஸ் முன்வந்தான். கம்பி குறைந்தால் கரைச்சலும் குறையும் என்பது அவன் கணக்கு.

உண்மைக் காரணம் வேறு. அந்தக் காலத்தில் ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் ஒரே கூரையின் கீழே இருக்க ஊர் ஒத்துக்கொண்ட இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பூசை, மற்றது பாட்டுப் பழக்கம். பூசையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். பாட்டுப் பழக்கத்திலோ பேஸ் கிற்றார்க்காரன் நிற்கிற இடம் பாட்டுக்காரிக்கு நாலடி பின்னால். கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம். கனிசியஸ் கிற்றாரைத் தொட்ட நாளிலிருந்து யசிந்தாவோடு பேசிய சொற்கள் மொத்தம் ஐந்து. "வயரிலை மிதிச்சிடாதையுங்கோ" என்று அவன் ஒரு தரம் சொன்னான். "ஓம்" என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். அவ்வளவுதான், எண்ணிக்கையில் ஒன்று கூடினால் அது அவன் மனதுக்குள் சொன்னது.

அன்று பின்னேரம் வீட்டு முற்றத்தில் தகப்பன் நீக்கிலாப்பிள்ளை தோணிக்கு மசகு பூசிக்கொண்டிருந்தார். கனிசியஸ் அவரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தான்.

"அப்பு, செபஸ்தியம்மா மாமி வீட்டை ஒருக்காப் போய்..."

"போய்?"

"யசிந்தாவை..."

நீக்கிலாப்பிள்ளை துணியைக் கீழே வைத்தார். "கேக்கச் சொல்லுறாய். கேப்பன். ஆனா இப்ப போகமாட்டன். ரெண்டு மாசமா வாசல்லை குந்தியிருந்து நீ போடுற அவலச் சத்தத்தைக் கேக்கிறவள் அவள். இப்ப போனா கூட்டுற தும்புத்தடியாலைதான் கதைப்பாள். திருவிழா மேடையிலை ஒரு பிழையில்லாமல் வாசிச்சுக் காட்டு. அடுத்தநாள் காலமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நான் போறன்."

"கனகலிங்கம் வந்து வாசிச்சா?"

"கனகலிங்கம் வாசிச்சா, கனகலிங்கத்தின்ரை தேப்பன் போகட்டும்."

தகப்பன் சொன்னது பகிடிதான். ஆனால் கனிசியஸ் நாள் எண்ணத் தொடங்கினான். திருவிழா முடிந்தால் பாட்டுப் பழக்கமும் முடிந்துவிடும். பிறகு பூசையில் தூரத்தில் முக்காட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"உது கிரீச்சிடுதெண்டு ஏன் இவ்வளவு மண்டையை உடைக்கிறாய்?" என்று நீக்கிலாப்பிள்ளையே வழியும் சொன்னார். "கிணத்துக் கப்பி கிரீச்சிட்டா என்ன செய்யிறனாங்கள்? எண்ணெய் விடுறம்."

நியாயமான யோசனையாகத்தான் பட்டது. அடுத்த பழக்கத்துக்கு முன்னால் கனிசியஸ் நாலு கம்பிக்கும் நல்ல தேங்காயெண்ணெய் பூசினான். குறை வைக்கக்கூடாது என்று கழுத்துக்கும் பூசினான்.

பாட்டுத் தொடங்கியது. எட்டாவது சுற்றில் கை ஓடியது. கிரீச் இல்லை! ஆனால் எண்ணெயில் ஓடிய கை நடுக் கழுத்தில் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டு போய்க் கிற்றாரின் உடம்பில் முட்டித்தான் நின்றது. ஸ்பீக்கரிலிருந்து மாடு கத்துவதுபோல ஒரு சுரம் வந்தது. யசிந்தா தொடங்கவேயில்லை. இரண்டு சுற்றுக் கழித்து, தேவராசா கண்ணைக் காட்டிய பிறகுதான் தட்டுத்தடுமாறித் தொடங்கினாள்.

"பாத்தியா? பாடுற பிள்ளையையும் குழப்பிப்போட்டாய்," என்றார் தேவராசா. "அது சரி, ஏன் மண்டபமெல்லாம் தேங்காயெண்ணெய் மணக்குது?"

கனிசியஸ் போட்டிருந்த களிசானின் இரண்டு காலும் எண்ணெய். வீட்டுக்குப் போகும் வழியில் தெருநாய் ஒன்று அவனை நக்கிக்கொண்டே கூட வந்தது.

எண்ணெயைத் துடைக்க இரண்டு நாளும் ஒரு சவர்க்காரமும் செலவாயிற்று. துடைத்ததும் கிரீச் பழையபடி வந்தது. முனகலும் சேர்ந்து வந்தது.

"அருளப்பு கம்பிக்குக் கீழை மெத்தெண்டு ஏதோ ஒண்டு வைக்கிறவன் மச்சான்," என்றான் பஸ்ரியன். "சத்தத்தை அது குடிச்சிடும்."

மெத்தென்று என்ன இருக்கிறது வீட்டில்? கனிசியஸ் தேடினான். தலையணையைக் கிழித்தால் தாய் கொன்றுவிடுவாள். கட்டிலுக்குக் கீழே புத்தம் புதிய ரப்பர்ச் செருப்பு ஒரு சோடி கிடந்தது. தகப்பன் திருவிழாவுக்கென்று வாங்கி வைத்தது. கனிசியஸ் ஒரு செருப்பின் குதிக்கால் பக்கத்தை மட்டும், மிச்சம் பாவிக்கலாம் என்ற நல்லெண்ணத்தோடு, அளவாக வெட்டி எடுத்து, கம்பிகளுக்குக் கீழே இறுக்கிச் செருகினான்.

சத்தத்தை அது குடிக்கத்தான் செய்தது. முனகலைக் குடித்தது, கிரீச்சைக் குடித்தது, பாட்டையும் சேர்த்துக் குடித்தது. மிஞ்சியது 'தொப், தொப், தொப்' என்ற ஒலி ஒன்றுதான்.

"சந்தையிலை திருக்கை மீனைத் தூக்கிப் போடுறமாதிரிக் கிடக்கு," என்று பஸ்ரியன் தடியை எறிந்துவிட்டுத் தரையில் இருந்து சிரித்தான். யோசனை அவனுடையது என்பதை வசதியாக மறந்துவிட்டான். எட்டுச் சுற்று முடிந்தது, ஒன்பதாவது முடிந்தது. யசிந்தா பாடவில்லை. மைக்கைப் பிடித்தபடி கனிசியஸின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பிள்ளை என்னெண்டு பாடும்?" என்று தேவராசா அவளுக்காகப் பரிந்து பேசினார். "உந்தத் தொப்புத் தொப்புக்கு ஆருக்குத்தான் குரல் வரும்?"

வீட்டில் நீக்கிலாப்பிள்ளை மகனோடு மூன்று நாள் பேசவில்லை. குதிக்கால் இல்லாத செருப்பைப் போட்டு முற்றத்தில் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டினார். பேசுவதைவிட அது மோசமாக இருந்தது.

இனிப் பிறத்தியார் யோசனை வேண்டாம் என்று கனிசியஸ் முடிவு செய்தான். தான் யார்? மூன்று தலைமுறை வலைக்காரன். நூலைக் கண்டால் அடக்கத் தெரியாதா? அந்தப் பாட்டுக்குத் தேவையானவை இரண்டு கம்பிகள்தான். மற்ற இரண்டும் சும்மா இருந்து முனகுகின்றன. முனகுகிறதைக் கட்டிப்போட்டால் போயிற்று. வலை நூலை எடுத்து அந்த இரண்டு கம்பிகளையும் கழுத்தோடு சேர்த்து, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சாகப் போட்டான். சுறாவே இழுத்தாலும் கழலாத முடிச்சு அது.

முனகல் நின்றது. ஆனால் முடிச்சு கைக்குக் குறுக்கே நின்றது. மூன்றாவது சுற்றிலேயே கை அதில் தட்டுப்பட்டு மேலே ஓடியது: கிரீச். திடுக்கிட்டுத் திரும்பிக் கீழே வந்தது: கிரீச்.

முதலாவது கிரீச்சோடு யசிந்தா பாடத் தொடங்கிவிட்டாள். மூன்றாம் சுற்றில், வாத்தியக்காரர் ஒருவரும் எதிர்பாராத இடத்தில், கணீரென்று. இரண்டாவது கிரீச்சோடு முதல் வரியைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து பாடினாள். பஸ்ரியன் டிறம்ஸை விட்டான். தேவராசா ஓகனை விட்டார். கனிசியஸ் அசடு வழிய நின்றான். அவள் வேண்டுமென்றே பழி வாங்குகிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், இனி முடியாதென்று பாட்டைக் குழப்பிக் காட்டுகிறாள். அவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

"சுருதியை மாத்திப் பாப்பம்," என்றார் தேவராசா கடைசியில், களைத்துப்போய். "மேல் கம்பியிலை வாசி."

"அது கட்டிக் கிடக்கு அண்ணை."

"அவிழ்."

"அவிழாது அண்ணை. வெட்டத்தான் வேணும்."

தேவராசா ஓகனை மூடினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தபாலட்டையை எடுத்து அங்கேயே நின்று உரும்பிராய் விலாசத்தை எழுதினார்.

கனகலிங்கம் அடுத்த கிழமை மோட்டார் சைக்கிளில் வந்தான். நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையிலும் கலையவில்லை. மரியாதையான பிள்ளை. வந்ததும் கனிசியஸிடம், "ஒருக்கா வாசிக்கலாமோ அண்ணை?" என்று கேட்டுத்தான், முடிச்சு வெட்டிய கிற்றாரைத் தொட்டான். கெட்டவனாக இருந்திருந்தால் கனிசியஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசித்தான். ஒரு முனகல் இல்லை, ஒரு கிரீச் இல்லை. கழுவித் துடைத்து அடுக்கிய கோப்பைகள் போல ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்தது. எட்டுச் சுற்று முடிந்தது. யசிந்தா வாயைத் திறக்கவில்லை. கனகலிங்கத்தைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள், வாசலில் இருந்த தாயைப் பார்த்தாள். இன்னொரு முறை தொடங்கினார்கள். இன்னொரு முறையும் அப்படியே நின்றாள்.

"புது ஆள். பிள்ளைக்குக் கூச்சம்," என்றார் தேவராசா.

கூச்சமாவது! கனிசியஸுக்கு விளங்கிவிட்டது. வாசிப்பைக் கேட்டு மயங்கிப் பாட்டையே மறந்து நிற்கிறாள். அவனுக்கு அழுகை வந்தது. தேத்தண்ணி குடிக்கப் போகிறவன்போல வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினான். திரும்பி வந்தபோது செபஸ்தியம்மா சுளகோடு எழுந்து தேவராசாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"தேவராசாத் தம்பி, கோயில் எங்கடை. திருவிழா எங்கடை. வெளியூர்ப் பிள்ளையை ஏன் கஷ்டப்படுத்துறியள்? எங்கடை பெடியனே வாசிக்கட்டும்."

"அக்கா, அவன் வாசிக்கிறதை நீங்களும்தானே கேட்டனீங்கள்?"

"கேட்டனான். அவனே வாசிக்கட்டும்."

செபஸ்தியம்மா சொன்னால் அந்தத் தெருவில் மறுபேச்சு இல்லை. தேவராசா பெருமூச்சு விட்டார். "சரி. ஆனா மேடையிலை ஒரு கிரீச் கேட்டுதோ, நான் ஓகனை மூடிப்போட்டு இறங்கிப் போயிடுவன்." கனகலிங்கம் கோபித்துக்கொள்ளவில்லை. திருவிழாவுக்குப் பாட்டுக் கேட்க வாறன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஊர்ப்பற்று என்றுதான் கனிசியஸ் நினைத்தான். ஆனாலும் மாமி தன்னைக் கைவிடவில்லை என்ற நினைப்பு அவனுக்குக் கண்ணைக் கரித்தது. இந்த நம்பிக்கைக்குப் பதில் செய்தே தீரவேண்டும் என்று கோயிலைத் தாண்டும்போது நெஞ்சில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தான்.

அந்தக் கிழமை முழுக்க ஹர்த்தால். பழக்கம் நின்றுபோயிற்று. கனிசியஸ் வீட்டு முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். மனம் கிற்றாரில் இருந்தது. கை தன்பாட்டில் வேலை செய்தது. திடீரென்று அவன் தன் கையைப் பார்த்தான்.

வலை ஊசியைப் பிடிக்கிற விரல்கள் வேலை செய்கின்றன. மற்ற விரல்கள் சும்மா இருக்கின்றனவா? இல்லை. பொத்தி முடிந்த வலைக்கண்கள் ஆடாமல் இருக்க அவற்றை மெல்லத் தொட்டபடி கிடக்கின்றன. அமத்தவில்லை, வெறுமனே தொடுகின்றன. அடுத்த கண்ணுக்குப் போகும்போது கை நூலோடு உரசிக்கொண்டு போகிறதா? இல்லை. தூக்கி, அங்கே வைக்கிறது. உரசினால் விரல் வெட்டுப்படும் என்று எட்டு வயதிலேயே கைக்குத் தெரியும்.

கனிசியஸ் வலையை எறிந்துவிட்டு உள்ளே ஓடினான்.

வேலையில்லாத கம்பிகளின்மேல் வேலையில்லாத விரல்களை மெல்லப் படுக்க வைத்தான். முனகல் இல்லை. கை மாறும் இடம் வந்ததும் விரலைத் தூக்கி, ஓடி, வைத்தான். கிரீச் இல்லை. திரும்ப வாசித்தான். திரும்பவும் இல்லை. நாலாயிரம் வலைக்கண் பொத்திய கையை வைத்துக்கொண்டா தேங்காயெண்ணெய் பூசினோம் என்று அவனுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஐந்து நாள் காலையிலிருந்து பொழுதுபடும்வரை வாசித்தான். தாய் சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு ஊட்டிவிட்டாள்.

ஹர்த்தால் முடிந்தது திருவிழாவுக்கு முதல் நாள்தான்; அன்று தேவராசா சைக்கிளில் வந்தார். அன்றைக்குக் கரண்ட் இல்லை. கிற்றாரின் பலகையில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, "வாசி," என்றார். கனிசியஸ் பாட்டு முழுவதையும் வாசித்தான். தேவராசா காதை எடுக்காமல் அப்படியே இருந்தார். எடுத்தபோது கன்னத்தில் கிற்றாரின் விளிம்பு பதிந்திருந்தது.

"அடே," என்றார். "நான் தோத்துப்போனனடா."

திருவிழாவன்று இருட்டமுன் சனம் வீடு போய்ச் சேரவேண்டும் என்று கச்சேரியைப் பின்னேரம் நாலு மணிக்கே வைத்தார்கள். கோயில் முற்றத்தில் மேடை. வேப்பமரத்தில் இரண்டு ஸ்பீக்கர். பாய் விரித்துச் சனம் நெருக்கியடித்து இருந்தது. சொன்னபடியே கனகலிங்கம் உரும்பிராயிலிருந்து வந்து ஓரமாக நின்றான். நீக்கிலாப்பிள்ளை, நாளைக்குப் போடவேண்டிய வெள்ளைச் சட்டையை இன்றைக்கே ஒத்திகை பார்ப்பதற்காகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலில் அதே செருப்பு. அவருக்குப் பக்கத்தில், முதல் வரிசைப் பாயில், சுளகு இல்லாமல் வெறுங்கையோடு செபஸ்தியம்மா.

யசிந்தா நீலச் சேலை உடுத்தியிருந்தாள். அவளுக்கு நாலடி பின்னால் கனிசியஸ். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பின்னால் நிற்க அவனுக்குப் பயமாக இருக்கவில்லை.

சுவாமி செபம் சொல்லி முடித்தார். பஸ்ரியன் தடியைத் தட்டினான். பாட்டுத் தொடங்கியது.

முதற் சுற்று. இரண்டாவது. கனிசியஸின் கம்பி கோயில் மணியின் அடிநாதம் போல முற்றமெங்கும் பரவியது. ஒரு முனகல் இல்லை. கனகலிங்கம் தலையாட்டினான். நீக்கிலாப்பிள்ளை பக்கத்திலிருந்தவருக்கு மகனைக் காட்டினார். ஆறு. ஏழு. எட்டாவது சுற்று முடிகிற இடம் வந்தது. கனிசியஸ் விரலைத் தூக்கினான். ஓடினான். வைத்தான்.

ஒரு சத்தமும் இல்லை.

யசிந்தாவும் பாடவில்லை.

தேவராசா சிரித்துச் சமாளித்துக்கொண்டு இன்னொரு எட்டுச் சுற்றுக்குப் போனார். திருவிழாத்தானே, வாத்தியம் கொஞ்சம் நீண்டால் என்ன? கனிசியஸ் இன்னும் கவனமாக வாசித்தான். இடம் வந்தது. தூக்கினான், ஓடினான், வைத்தான். சுத்தமான சுத்தம். யசிந்தா மைக்கைப் பிடித்தபடி நின்றாள்.

மூன்றாம் எட்டு. தேவராசாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சனம் குசுகுசுத்தது. "பாட்டிலை பாட்டு இல்லையோ?" என்று பின்னால் ஒரு கிழவர் கேட்டார். தேவராசா கண்ணைக் காட்டினார், தலையைக் காட்டினார், ஓகனில் ஒரு கையை விட்டு மற்றக் கையால் சைகை காட்டினார். யசிந்தா அவரைப் பார்க்கவேயில்லை. திரும்பி, முழுதாகத் திரும்பி, கனிசியஸைத்தான் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர்.

"என்ன செய்தனீங்கள்?" என்று மெல்லக் கேட்டாள்.

அவள் அவனிடம் கேட்ட முதற் கேள்வி அது. என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லையே! ஒரு கிரீச்கூட இல்லையே! ஐந்து நாள் சாப்பாட்டை மறந்து, கையைத் திருத்தி, இவளுக்காகத்தானே இவ்வளவும்! நாலாம் எட்டு தொடங்கியது. அவன் ஒரு பிழையில்லாமல் வாசித்துக்கொண்டேயிருந்தான்.

அப்போதுதான் முதல் வரிசைப் பாயிலிருந்து செபஸ்தியம்மா எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவாமியையும் பார்க்காமல் சனத்தையும் பார்க்காமல், ஸ்பீக்கர் இரண்டையும் மிஞ்சிய குரலில் மேடையைப் பார்த்துக் கத்தினாள்:

"எடேய் கனிசியஸ், உன்ரை கிரீச் எங்கையடா? என்ரை பிள்ளைக்குச் சுத்து எண்ணத் தெரியாதடா, அதைக் கேட்டுத்தான் அவள் வாய் திறக்கிறவள். மூண்டு மாசமா வீட்டிலை நான் சட்டியைச் சுரண்டிச் சுரண்டியெல்லோ அவளைப் பாடப் பழக்கினனான்!"